உதவி தேவை: கடத்துதிறன் மீற்றர் 1413இல் நிற்கவே மாட்டேன் என்கிறது

நிலாவெளித் தோட்டம்:
வணக்கம். கடற்கரைக்குக் கிட்ட வெங்காயம் வைத்திருக்கிறோம். வெயில் காலத்தில் கிணறு சவராகிவிடும், அதனால் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்கக் கையடக்கக் கடத்துதிறன் மீற்றர் ஒன்று வாங்கினேன். உப்புக் கூடினால் அதில் எண்ணும் கூடும். நேற்று அளவுத்திருத்தம் செய்ய, அதாவது மீற்றர் சரியான எண்ணைக் காட்டும்படி சரிசெய்ய, 1413 மைக்ரோசீமன்ஸ்/செ.மீ என்று பெறுமானம் தெரிந்த நியமக் கரைசலில் வைத்தால் 1120 காட்டியது. பிறகு மெல்ல மெல்ல 1250 வரை ஏறியது, நிற்கவில்லை. பட்டனை அழுத்தினால் பிழை என்று வருகிறது. கிணற்றில் 760 காட்டுகிறது. நம்பி இறைக்கலாமா?

கிண்ணியா:
கரைசல் பழசாக இருக்கும். புதுப் போத்தல் வாங்குங்கள்.

உப்புவெளி ஆய்வுகூடம்:
தம்பி, அவசரப்பட்டு வாங்க வேண்டாம். மூடி இறுகாமல் நீர் ஆவியாகியிருந்தால் எண் கூடுமே தவிரக் குறையாது. போத்தலை எங்கே வைத்திருந்தீர்கள்? நீரில் அமிழ்த்தும் முனையை, அதுதான் மின்வாயை, எதால் கழுவினீர்கள்? அதில் வெள்ளையாக ஏதும் படிந்திருக்கிறதா?

நிலாவெளித் தோட்டம்:
பிரிட்ஜில் வைத்திருந்தேன் அக்கா. கிணற்றுத் தண்ணீரால்தான் கழுவினேன். ஓம், வெள்ளைப் படலம் இருக்கிறது.

உப்புவெளி ஆய்வுகூடம்:
அப்போ காரணம் இரண்டு. எண் ஏறிக்கொண்டே போனது குளிரால். 1413 என்பது 25 பாகை செல்சியஸில் உள்ள பெறுமானம். ஒரு பாகைக்கு ஏறத்தாழ 2 சதவீதம் மாறும். மீற்றர் வெப்பத்தை அளந்து திருத்திக்கொள்ளும், ஆனால் வெயிலில் சூடான மின்வாய் குளிர்ந்த கரைசலோடு ஒத்துவர நேரம் எடுக்கும். அதுவரை எண் குறைவாகத்தான் வரும். கரைசலையும் மீற்றரையும் நிழலில் ஒன்றாக ஒரு மணித்தியாலம் வைத்துவிட்டு எடுங்கள். வெப்பத் திருத்தம் இல்லாத மீற்றர் என்றால் 30 பாகையில் 1548 அளவில் காட்டும், அது பிழையல்ல.

மற்றது படலம். நம் பக்கத்துக் கிணறுகளில் சுண்ணாம்பு படியும், அதுவும் எண்ணைக் குறைக்கும். வெள்ளை வினாகிரியில் கால் மணித்தியாலம் ஊறவிட்டு, காய்ச்சி வடித்த நீரால் நன்றாகக் கழுவுங்கள். கறுப்புப் பூச்சுள்ள பிளாற்றினம் மின்வாய் என்றால் தேய்க்கவே கூடாது.

பிறகு சின்னக் கிளாஸில் கொஞ்சம் கரைசல் ஊற்றி மின்வாயை அலசி, அதைக் கொட்டிவிடுங்கள். புதிதாக ஊற்றியதில்தான் அளக்க வேண்டும். துளைகள் மூழ்கும்படி வைத்து, காற்றுக் குமிழி போக மெல்லத் தட்டுங்கள். பாவித்த கரைசலைத் திரும்பப் போத்தலில் விடாதீர்கள். எண் ஒரு நிமிடம் அசையாமல் நின்ற பிறகே பட்டனை அழுத்துங்கள், இல்லாவிட்டால் பிழையையே மீற்றர் சரியென்று பதிந்துகொள்ளும்.

கிண்ணியா:
அக்கா, கரைசலை நாங்களே செய்யலாமா?

உப்புவெளி ஆய்வுகூடம்:
நல்ல தராசு இருந்தால் செய்யலாம். உலர்த்திய பொற்றாசியம் குளோரைட்டு 0.7455 கிராமைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, மொத்தக் கரைசல் சரியாக ஒரு லீற்றர் வரும்படி செய்ய வேண்டும். சமையலறைத் தராசு இதற்குப் போதாது.

நிலாவெளித் தோட்டம்:
இன்று காலை சொன்னபடியே செய்தேன். எண் அசையாமல் நின்றது, அளவுத்திருத்தமும் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே கிணறு இப்போது 840 காட்டுகிறது. அது கூடுதலா அக்கா?

உப்புவெளி ஆய்வுகூடம்:
வெங்காயம் உப்பைத் தாங்காத பயிர். பாசன நீர் 800 தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். வேறு கிணறு இருக்கிறதா?

நிலாவெளித் தோட்டம்:
மேற்குப் பக்கம் ஒன்று இருக்கிறது, அளந்தேன், 610. தூரம்தான், குழாய் இழுக்க வேண்டும். நாளைக்கே இழுக்கிறேன்.