கரிசல் மண்ணில் விளையும் அரிசியில், கீரையில் சத்து குறையுமா?

எல்லைக்காடு:
பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒன்றரை ஏக்கர். கரிசல், உழுதா சுக்கான்கல் (சுண்ணாம்புக் கல்) மேலே வரும். பி.எச். (7க்கு மேல காரம், கீழ புளிப்பு) 8.4, துத்தநாகம் 0.5 பிபிஎம் (பத்து லட்சம் பங்குல அரைப் பங்கு). ஒரு ஏக்கர் நெல், மீதி தண்டங்கீரை. கீரையில் குருத்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையா நிக்குது. "இந்த மண்ணுல விளையறதுல சத்தே இருக்காது, எருவைக் கொட்டு, சரியாயிடும்"னு சொல்றாங்க. வீட்டுக்கும் இதே அரிசிதான். மூட்டை கூடுறதைவிட அரிசியில சத்து ஏறணும். என்ன செய்யணுங்க?

நஞ்சைபுஞ்சை:
சத்தே இருக்காதுங்கறது தப்புங்க. மாவுச்சத்தை மண் பெருசா மாத்தாது. மண்ணோட குறை தட்டுல அப்படியே தெரியறது துத்தநாகம், செலினியம், அயோடின் மாதிரி நுண்சத்துகள்லதான். பின்லாந்து மண்ணுல செலினியம் குறைவுன்னு 1980களின் நடுவுல இருந்து உரத்துலயே கலந்து விக்கறாங்க. அங்க ஜனங்க ரத்தத்துலயும் அளவு ஏறுச்சு.

உங்க மண்ணுல இரும்பு நிறையவே இருக்கும், சுண்ணாம்பு அதைப் பூட்டி வெச்சிருக்கு. காஞ்ச மண்ணு ஒரு கைப்பிடி எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்க, நுரைச்சா சுண்ணாம்பு. நெல்லுல தண்ணி நிக்கறதால இரும்பு கரைஞ்சு கிடைச்சுடும், ஆனா துத்தநாகம் இன்னும் குறையும். தண்ணி நிக்காத மேட்டுல வளர்ற கீரையில இரும்புக்குத்தான் முதல்ல தட்டுப்பாடு வரும். ஒரே காட்டுல ரெண்டு பயிருக்கு ரெண்டு குறை வர்றது இதனாலதான்.

எரு மட்டும் போதாதுங்க. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 100 கிலோ மக்கின எருவோட பிசறி, ஈரம் காயாம 30 நாள் மூடி வெச்சு, கடைசி உழவுல போடுங்க. எரு சேர்றதால சுண்ணாம்பு சீக்கிரம் பிடிச்சுக்காது.

எல்லைக்காடு:
நன்றிங்க. அதையே டிஏபியோட கலந்து ஒரே தடவையா தூவிடலாமா?

வயல்வரப்பு:
கூடாதுங்க. டிஏபியில இருக்கற மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) துத்தநாகமும் சேர்ந்தா கரையாத உப்பாகிடும், ரெண்டும் வீண். சில நாள் இடைவெளி விடுங்க.

மேல சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். அடியில போடற துத்தநாகம் மகசூலைத்தான் தூக்கும். அரிசிக்குள்ள ஏத்தணும்னா இலையில அடிக்கணும், அதுவும் பூ வந்த பின்னாடி. பூக்கற சமயம் ஒண்ணு, பால் பிடிக்கற சமயம் ஒண்ணு. 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட் (21 சதவீதம் உள்ளது), 25 கிராம் நீத்த சுண்ணாம்பு. சுண்ணாம்பைத் தனியாக் கரைச்சு, துணியில வடிகட்டி ஊத்தணும். சுண்ணாம்பு சேர்க்காம அடிச்சா இலை கருகும், வடிகட்டாம ஊத்துனா நாசில் அடைக்கும். மூட்டையில 33 சதவீதம்னு போட்டிருந்தா 30 கிராமே போதும். காலை 9லேர்ந்து 11க்குள்ள நெல்லுப்பூ விரிஞ்சிருக்கும், அப்போ அடிக்காதீங்க, சாயங்காலம் அடிங்க. ஏக்கருக்கு 200 லிட்டர் ஆகும்.

அரிசியில இரும்பை இப்படி ஏத்த முடியாதுங்க, ரொம்பக் கொஞ்சம்தான் போகும். துத்தநாகத்துக்கு ரகமும் பாருங்க: 2016ல் வந்த டி.ஆர்.ஆர். தன் 45, தீட்டின அரிசியிலயே 22.6 பிபிஎம், வழக்கமான ரகங்கள்ல 12லேர்ந்து 16. தவிட்டோட ஒரு பங்கு துத்தநாகமும் போயிடுது, அதனால மில்லுல லேசாத் தீட்டச் சொல்லுங்க.

நஞ்சைபுஞ்சை:
கீரைக்கு: லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம், பத்து நாளைக்கு ஒரு தடவை. கரைசல் இளம்பச்சையா இருக்கணும். துரு நிறமா மாறினா கொட்டிடுங்க, பயிர் எடுத்துக்காது. போர் தண்ணி கடினம்னா சீக்கிரமே மாறும், அதனால முதல்ல சிட்ரிக் அமிலத்தைக் கரைச்சுட்டு இரும்பைப் போடுங்க. பறிக்கறதுக்குப் பத்து நாள் முன்னாடியே நிறுத்திடுங்க. வெறும் இரும்பு சல்பேட்டை அந்த மண்ணுல கொட்டறது காசை எறியற வேலை. யூரியாவை அள்ளிக் கொட்டினாலும் இலை கருகருன்னு வரும், ஆனா உள்ள நைட்ரேட்தான் சேரும், அது நல்லதில்லை.

செம்மண்மேடு:
இதைப் படிச்சுட்டு மேற்கே செம்பாறை மண்ணுல இருக்கறவங்க அப்படியே செய்யாதீங்க. அங்க பி.எச். 5 பக்கம், குறை சுண்ணாம்புச் சத்துல. நெல்லுக்கு ஏக்கருக்கு 240 கிலோ சுண்ணாம்பு: முதல் உழவுல 140, ஒரு மாசம் கழிச்சு 100. அளவு மீறினா அங்கயும் துத்தநாகம் பூட்டிக்கும்.

எல்லைக்காடு, அடுத்த தடவை மண் எடுக்கும்போது தகர வாளி வேண்டாம். அதுல பூசியிருக்கறதே துத்தநாகம், அளவு பொய்யாக் கூடிக் காட்டும். பிளாஸ்டிக் வாளியில, வரப்பு, எருக்குழி, மரத்தடி விட்டு பத்துப் பதினஞ்சு இடத்துல அரையடி ஆழத்துக்கு எடுங்க. நெல் வயல் தனி, கீரைக்காடு தனி.