கலைச்சொல் வேண்டும்: செடிக்குள் வாழும் பூஞ்சை, பாலிசாக்கரைடு

அன்புள்ள குழுவினருக்கு,
ஓர் ஆய்வுச் சுருக்கத்தை நாளை மாலைக்குள் தமிழில் தர வேண்டும். செடிகொடிகளின் திசுக்களுக்குள் நோய்க்குறி காட்டாமல் குடியிருக்கும் பூஞ்சைகள், அவை சுரக்கும் பாலிசாக்கரைடுகள் (சர்க்கரை அலகுகள் பல கோத்த நீள் மூலக்கூறுகள்), அவற்றின் புற்றுநோய் எதிர்ப்பு ஆற்றல் பற்றியது. இத்தகைய பூஞ்சையைக் குறிக்கும் 'எண்டோபைட்'டுக்கு 'உள்தாவரம்' என்று எழுதிவிட்டேன், உறுத்துகிறது. பாலிசாக்கரைடுக்குப் 'பல்சர்க்கரை' சரியா?

---

> உள்தாவரம்

உறுத்த வேண்டியதுதான். 'பைட்டோன்' கிரேக்கத்தில் செடி. ஜெர்மானியத் தாவரவியலாளர் டி பாரி 1866-இல் எண்டோபைட் என்ற சொல்லை ஆண்டபோது பூஞ்சையும் தாவரக் கணக்கில்தான் இருந்தது. அந்தப் பழங்கணக்கை நாம் ஏன் சுமக்க வேண்டும்? 'உள்ளுறை பூஞ்சை' என்க. உள்ளுறை உவமம் கண்ட மொழி இது. சர்க்கரை வடசொல், அதற்குப் பழைய சொல்லான அக்காரத்தை வைத்துப் 'பல்லக்காரம்' என்று எழுதுங்கள்.

---

ஐயா, பல்லக்காரம் என்றதும் பல்லக்குத் தூக்குபவர்தான் நினைவுக்கு வருகிறார். அக்காரமும் பிராகிருத வழி வந்ததே. சாக்கரைடும் கிரேக்கம் போய் வந்த அதே வீட்டுப் பிள்ளை. மூவரில் எவரை வாசலில் நிறுத்துவது?

பல்சர்க்கரையைப் 'பல்லில் ஒட்டும் சர்க்கரை' என்று யாரும் கேலி செய்தால் அஞ்ச வேண்டாம். பல்லென்றால் பற்பசை, பற்பொடி என்று லகரம் றகரமாகும். 'பல' என்றால் பல்கலை, பல்பொருள். 'பற்பல' என்று திரிவது பலவோடு பலவே சேரும்போதுதான். நன்னூல் துணை நிற்கிறது.

---

இலக்கணம் இருக்கட்டும், அந்த 'ஆற்றல்' எனக்கு இடிக்கிறது. நோயாளி வீட்டார் படித்தால் மருந்தே வந்துவிட்டது என்று நினைப்பார்கள். ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த செல்களில் கண்டது வேறு, மனிதருக்குப் பலிப்பது வேறு. ஜப்பானில் லெண்டினான் என்ற பாலிசாக்கரைடு மருந்தானது உண்மை. இரைப்பைப் புற்றுக்கு, வேதிமருந்தோடு துணையாக. ஆனால் அது ஷிடாக்கே காளானிலிருந்து வந்தது. ஷிடாக்கே பட்ட மரத்தில் வளர்வது, உயிருள்ள செடிக்குள் குடியிருப்பதன்று. அதுவும் புற்றுச்செல்லை நேரே கொல்வதைவிட நம் நோயெதிர்ப்புச் செல்களை உசுப்பிவிடுகிறது. அந்தச் செல்களின் மேலுள்ள டெக்டின்-1 என்ற ஏற்பி, லெண்டினான் போன்ற பீட்டா குளூக்கான் வகைப் பாலிசாக்கரைடுகளைப் பற்றிக்கொள்ளும். ஆகவே 'எதிர்ப்பு வாய்ப்பு' என்று போடுங்கள்.

---

> எதிர்ப்பு வாய்ப்பு

தேர்தல் செய்தி போலிருக்கிறது, அம்மா. இதே வேகத்தில் டாக்சால் என்ற புற்றுநோய் மருந்தையும் இழுக்காதீர்கள். 1993-இல் யூ மரத்துப் பூஞ்சை ஒன்றில் அதைக் கண்டதாக எழுதினார்கள். ஆனால் டாக்சால் சர்க்கரை வகையே இல்லை.

---

அனைவருக்கும் நன்றி. பெயர்ச்சொற்களை அடுக்காமல் தலைப்பை வினையாக்கிவிட்டேன்: 'உள்ளுறை பூஞ்சைகளின் பல்சர்க்கரைகள் புற்றுநோயை எதிர்க்கக்கூடுமா?' முதல் இடத்தில் மட்டும் 'பாலிசாக்கரைடு எனப்படும் பல்சர்க்கரை'. நான்கு பேர் ஒப்பியதாக எடுத்துக்கொண்டு அனுப்பியாயிற்று.

---

மூன்று பேர். மூடியிருப்பதும் உறைதான், 'உள்ளுறை பூஞ்சை' என்றால் உள் உறையில் பிடித்த பூஞ்சணம் என்று வாசிக்க இடமிருக்கிறது. என் ஓட்டு 'அகவாழ் பூஞ்சை'க்கே. அடுத்த பதிப்பிலாவது பாருங்கள்.