கணவருக்குத் தெரியாமல் உணவில் குடியை நிறுத்தும் மருந்தைக் கலக்கலாமா?

கேள்வி (கோவைப் பெண்):

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் கோவையில் ஒரு லேத் பட்டறையில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். தொழில் நன்கு தெரிந்தவர்; குடிக்காத நேரத்தில் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசாதவர். முன்பெல்லாம் சனிக்கிழமை கூலி வாங்கிய இரவில் மட்டும் இருந்த குடி, இப்போது கை நடுக்கம் நிற்பதற்காகவே காலையில் ஒரு குவார்ட்டருடன் தொடங்குகிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை சபரிமலைக்கு மாலை போட்டால் விரதம் முடியும் வரை ஒரு சொட்டும் தொடமாட்டார். இந்த ஆண்டு மாலை போட்ட மூன்றாம் நாளே உடம்பெல்லாம் வியர்த்து, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று உளறத் தொடங்கினார். மாலையைக் கழற்ற வேண்டியதாயிற்று. உறவினர்கள் அதைத் தெய்வக் குற்றம் என்கிறார்கள்.

என் நகைகள் அடகில் இருக்கின்றன. மகள் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். விளம்பரம் பார்த்து நாத்தனார் வாங்கி வந்த பொடியொன்றை அவருக்குத் தெரியாமல் ரசத்தில் கலந்து கொடுத்தால் குடியை வெறுத்துவிடுவார் என்கிறார். பொட்டலத்தில் என்ன மருந்து என்று எதுவும் எழுதப்படவில்லை. கொடுக்கலாமா?

பதில் 1 (மனநலப் பிரிவுச் செவிலியர்):

சகோதரி, தயவுசெய்து கொடுக்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத இத்தகைய பொடியில் டைசல்பிராம் என்ற குடிநிறுத்த மருந்து இருந்தால், அதை அறியாமல் அவர் குடிக்கும்போது, மது உடலில் முழுமையாகச் சிதையாமல் அசிடால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாகத் தேங்கிவிடும். முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரியும். இதய நோய் உள்ளவருக்கு இது உயிரையே பறிக்கக்கூடும். கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு வாரம் வரைகூட அதன் தாக்கம் நீடிக்கலாம். டைசல்பிராம் முறையான மருந்துதான். ஆனால் கல்லீரலையும் இதயத்தையும் பரிசோதித்து, நோயாளியிடம் எல்லாவற்றையும் விளக்கி, அவருடைய சம்மதத்துடன் மட்டுமே மருத்துவர்கள் தருகிறார்கள்.

அதைவிட என்னைக் கவலைப்பட வைத்தது நீங்கள் எழுதிய அந்த மூன்றாம் நாள். அது தெய்வக் குற்றமன்று. நாள்தோறும் அதிகமாகக் குடித்துவந்த உடல் மதுவைத் திடீரென இழக்கும்போது, முதல் நாளிலேயே நடுக்கமும் வியர்வையும் வரும். இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் இல்லாதவை கண்ணுக்குத் தெரிந்து ஆள் அடையாளம் குழம்பும். இந்தக் கடைசி நிலைக்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால் மரணமும் நேரிடலாம். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் மார்ச் இறுதியிலிருந்து மதுக்கடைகள் மூடப்பட்டிருந்தபோது, இப்படித் தவித்தவர்கள் தமிழகமெங்கும் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். எனவே இனி அவராகவே வீட்டில் நிறுத்த முயல வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்த்தால், நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரைகளும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த வைப்பார்கள். அங்கே கட்டணம் ஒரு தடையாக இருக்காது.

பதில் 2 (மீண்டுவரும் ஒருவர், திருச்சி):

அம்மா, உங்கள் கணவரின் இடத்தில் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். மாலை போட்டால் நிறுத்த முடிகிறதே, எங்களுக்காக நிறுத்த முடியாதா என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். ஒரு மண்டலம் நிறுத்துவது எனக்கு எளிதாகவே இருந்தது, ஏனென்றால் அது முடியும் நாள் எனக்குத் தெரியும். முடிவே இல்லாமல் குடிக்காதிருப்பதை நினைத்தால்தான் நெஞ்சு அடைத்தது.

மருத்துவமனை உடலிலிருந்து மதுவை வெளியேற்றித் தரும். வீடு திரும்பிய பின் வரும் மாலைப் பொழுதுகளுக்கு ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற குடிநோயாளிகளின் கூட்டங்கள் துணை நின்றன. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதில் தொடங்கியது அந்த அமைப்பு. தமிழில் நடக்கும் கூட்டங்கள் நம் ஊர்களிலும் உண்டு. கட்டணமில்லை, பெயரும் தொழிலும் கேட்கமாட்டார்கள். இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்பது என்று மட்டும் அங்கே எண்ணப் பழகினேன். இடையில் அவர் மறுபடி குடித்துவிட்டால், சிகிச்சை வீண் என்று கைவிட்டுவிடாதீர்கள். பலருக்கும் அப்படி நேர்கிறது, உடனே மருத்துவரிடம் திரும்பிச் செல்வதுதான் முக்கியம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆள் அனுப்பி வண்டியில் தூக்கிச் செல்கிறோம் என்று சொல்லும் சில மையங்களில் அடியும் பட்டினியும்தான் சிகிச்சை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு பெற்றதா, மருத்துவர் உண்டா, நீங்கள் போய்ப் பார்க்க விடுவார்களா என்று கேட்டுவிட்டே சேருங்கள்.

கேள்வி கேட்டவர்:

பொடியை இன்றே எறிந்துவிட்டேன். ஆனால் மனநலப் பிரிவு என்றாலே, நான் என்ன பைத்தியமா என்று கோபப்படுகிறார். அவர் வேலைக்குப் போகாத நாள்களில் முதலாளியிடம் காய்ச்சல் என்று நான்தான் தொலைபேசியில் சொல்கிறேன். மகளிடம் என்ன சொல்வது?

பதில் 3 (மதுரையிலிருந்து ஒரு மகள்):

அக்கா, காய்ச்சல் என்று சொல்வதை நிறுத்திவிடுங்கள். அவர் பட்டறையில் வாங்கிய கைமாற்றையும் நீங்கள் அடைக்காதீர்கள். குடியின் விளைவு ஒவ்வொன்றையும் வீட்டார் தாங்கிக்கொள்ளும் வரை, மருத்துவமனைக்குப் போக அவருக்குக் காரணம் பிறப்பதில்லை. இது இரக்கமில்லாத செயலாகத் தோன்றும். என் அம்மாவும் அப்படித்தான் தயங்கினார். பேச வேண்டியதை அவர் போதையில் இருக்கும் இரவில் பேசாமல், கூடுமானவரை தெளிவாக இருக்கும் நேரத்தில், சுவரில் பூச்சி பார்த்த அன்று நடந்ததை மட்டும் பழி சொல்லாமல் எடுத்துச் சொல்லுங்கள். மனநலம் என்ற பெயர் அவரைத் தடுத்தால், முதலில் கை நடுக்கத்துக்கும் கல்லீரலுக்கும் பொது மருத்துவரைப் பார்க்கலாம் என்று அழையுங்கள்.

அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. குடிநோய் மருத்துவமனையில், குடும்பத்தினருக்கென்றே தனிப் பயிற்சியை வைத்திருப்பது இந்தக் காரணத்தால்தான். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951 முதல் இயங்கும் அல்-அனான் கூட்டங்களும் உண்டு. 14446 என்ற தேசிய உதவி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம். அவர் கை ஓங்கும் நாள் வந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணைத் தயங்காமல் அழையுங்கள். குடும்ப வன்முறைக்கு எதிரான 2005ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும்.

மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். அப்பாவுக்கு ஒரு நோய் இருக்கிறது, அது உன்னால் வந்ததன்று, அதைக் குணப்படுத்துவது உன் வேலையும் அன்று என்று சொன்னால் போதும். நான் நன்றாகப் படித்தால் அப்பா நிறுத்திவிடுவார் என்று நம்பி, ஒவ்வொரு மதிப்பெண் பட்டியலையும் அவர் முன் நீட்டிக்கொண்டிருந்தவள் நான். அப்பாவைக் கடையிலிருந்து கூட்டி வர அவளை அனுப்பாதீர்கள். இரவில் சத்தம் அதிகமானால் புத்தகங்களுடன் போய்த் தங்க உறவினர் வீடோ தோழி வீடோ ஒன்றை இப்போதே பேசி வையுங்கள். வகுப்பு ஆசிரியரிடமும் ஒரு சொல் சொல்லி வையுங்கள்.