சாப்பாட்டிலேயே பிரஷர் குறைந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

காலைநடை:
வயது 46. ஒரு வருடமாக ஒரே மாத்திரை, ஒரே அளவு. அப்படியும் பிரஷர் 150/96க்குக் கீழே வரவில்லை. மூன்று மாதம் முன்பு உப்பைக் குறைத்தேன், பாக்கெட் தீனியை விட்டேன், தட்டில் பாதி காய்கறி. இப்போது 132/84. மாறியது சாப்பாடு மட்டும்தான். அப்படியானால் மாத்திரை எதற்கு? நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன்.

தெளிநீர்:
தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இறங்கியது சாப்பாட்டால்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 132 மாத்திரையும் சேர்ந்து கொடுத்த எண். அதை எடுத்துவிட்டால் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாது. பிரஷர் ஏறினால் உடம்பு சொல்லவும் சொல்லாது. சாப்பாடு துணைக்கு, மருந்துதான் வைத்தியம்.

விதைநெல்:
'துணைக்கு' என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. உணவால் பிரஷரைக் குறைக்க முடியுமா என்று பார்த்த டாஷ் ஆய்வு 1997இல் வெளியானது, அதில் 459 பேர். உப்பின் அளவையும் உடல் எடையையும் மாற்றாமல், காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் பொருள்களைக் கூட்டி எட்டு வாரம் கொடுத்தார்கள். ஏற்கெனவே உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு, வழக்கமான உணவு சாப்பிட்டவர்களைவிட மேல் அளவு சுமார் 11 புள்ளி கூடுதலாக இறங்கியது. ஒரு மாத்திரை செய்யும் வேலை அது! சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2002இல் வந்தது. உணவும் நடையும் நோய் வருவதை 58 சதவீதம் குறைத்தன, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை 31 சதவீதம். இதைப் பல நோயாளிகளிடம் யாரும் உட்கார்ந்து சொல்வதே இல்லை. எனக்கு அதுதான் ஆதங்கம்.

தெளிநீர்:
எண்கள் சரிதான். ஆனால் டாஷில் எட்டு வாரமும் சாப்பாட்டை ஆய்வு நடத்தியவர்களே சமைத்துக் கொடுத்தார்கள். வீட்டில் யார் அப்படிக் கொடுப்பார்கள்? இரண்டாவது ஆய்வில் இருந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை. தடுப்பது வேறு, வந்த பிறகு சமாளிப்பது வேறு. உடம்பில் இன்சுலினே சுரக்காத டைப் 1 சர்க்கரை நோய் உள்ள ஒருவர் இதைப் படித்துவிட்டு இன்சுலினை விட்டால் உயிருக்கே ஆபத்து.

விதைநெல்:
டைப் 1 பற்றி நான் பேசவே இல்லை. வீட்டில் முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கும், அதை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு. 800 என்றால் 2 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 5 கிராமுக்குக் கீழேதான் சொல்கிறது. இந்தக் கணக்கைப் பழகிய பிறகு கை தானாகவே அந்தப் பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிடும்.

கடைசிப்படி:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். உப்பு என்றதும் அப்பா ஞாபகம். 'சோடியம் குறைந்த உப்பு' நல்லது என்று யாரோ சொல்ல, நான்தான் வாங்கி வந்தேன். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம். அப்பாவுக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனம், போட்டுக்கொண்டிருந்த பிரஷர் மாத்திரையோ லோசார்டன், அதுவும் பொட்டாசியத்தைத் தேக்கும். ஒரு நாள் காலையில் கட்டிலிலிருந்து எழவே கால் வரவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் மானிட்டரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்கள் பலருக்கு அந்த உப்பு நல்லதுதான். ஆனால் என்ன மாத்திரை போடுகிறோம் என்று பார்க்காமல் சாப்பாட்டை மாற்றக்கூடாது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

காலைநடை:
இதைப் படித்ததும் எழுந்துபோய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டு டப்பாவிலும் அதே உப்பு. மாத்திரை அட்டையில் ராமிப்ரில் என்று இருக்கிறது. இதுவும் அந்த வகையா?

தெளிநீர்:
ஆமாம், அதே விளைவு உண்டு. அந்த உப்பை இன்றைக்கே ஒதுக்கி வையுங்கள். டாக்டரிடம் சொல்லி, ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்த்துவிடுங்கள்.

விதைநெல்:
அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அப்புறம், காலையும் மாலையும் ஒரு வாரம் பிரஷர் பார்த்து எழுதிய நோட்டோடு போங்கள். மாத்திரையின் அளவைக் குறைக்க முடியுமா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள், அவர்களாகச் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

காலைநடை:
சரி. வியாழக்கிழமை போகிறேன். அதுவரை மாத்திரையை நிறுத்தவில்லை.