கணையத்துல கொழுப்புன்னு ரிப்போர்ட், ரேஷன் பாமாயிலை நிறுத்தினா சரியாகுமா?

வைகைக்கரை_அம்மு:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்காரருக்கு 43 வயசு, சுகர் வந்து மூணு வருஷம் ஆச்சு, மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் போடுறார். வயித்து வலிக்காக ஸ்கேன் எடுத்தப்போ ஈரல்லயும் கணையத்துலயும் கொழுப்புன்னு எழுதிட்டாங்க. ஆள் குண்டு கிடையாது, 70 கிலோதான், தொப்பை மட்டும் இருக்கு. ஒரு வீடியோல செராமைடுன்னு ஒரு கொழுப்புதான் இன்சுலினைக் கெடுக்குதுன்னு சொன்னாங்க, எனக்கு ஒண்ணும் புரியல. பாமாயிலை நிறுத்திட்டு மீன் எண்ணெய் மாத்திரை வாங்கிக் குடுக்கலாமா? ரெண்டு நாளா தூக்கமே இல்லைங்க.

செல்_வாசகன்:
அக்கா முதல்ல பயப்படாதீங்க. எனக்கு பயோகெமிஸ்ட்ரிதான் படிப்பு, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன். கொழுப்பு எல்லாம் ஒரே மாதிரி இல்ல. ட்ரைகிளிசரைடுங்கறது குடோன் சரக்கு மாதிரி, பெருசா வம்பு பண்ணாம ஒரு ஓரமா கிடக்கும். அந்தக் குடோனுக்குப் போகாம தேங்குற கொழுப்பு அமிலம்தான் செராமைடு, டைஅசைல்கிளிசரால்னு மாறி செல்லுக்குள்ள சிக்னல் குடுக்க ஆரம்பிக்குது. ஈரல்லயும் தசையிலயும் அதுங்க இன்சுலினோட பேச்சை செல்லு கேக்க விடாது, கணையத்துல இன்சுலின் சுரக்குற பீட்டா செல்லையே முடக்கிடும். 90-கள்லயே அமெரிக்காவுல டல்லாஸ்ல ரோஜர் அங்கர்ங்கற ஆராய்ச்சியாளரோட குரூப் குண்டு எலிங்கள்ல இதைப் பாத்தாங்க.

செராமைடு செய்ய முக்கியமான சரக்கு பால்மிடிக் அமிலம். பாமாயில்ல அது நிறைய இருக்கு, அதனால குறைக்கிறது நல்லதுதான். ஆனா நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு, தேவைக்கு மேல சாப்பிடுற சோறு, சர்க்கரையில இருந்து நம்ம ஈரலே பால்மிடிக் அமிலத்தைச் செஞ்சு ரத்தத்துல அனுப்பும், அதுல ஒரு பங்கு கணையத்துக்கும் போகுது. எண்ணெயை மட்டும் மாத்திட்டு மூணு வேளையும் தட்டு நிறைய சோறுன்னா பிரயோஜனம் இல்லக்கா.

பொருநை_நர்ஸ்:
இவர் சொல்றது சரி. இங்கிலாந்துல நியூகாசில்ல ராய் டெய்லர்ங்கற டாக்டர் 2011-ல சுகர் இருக்குற 11 பேருக்கு 8 வாரம் தினம் 600 கலோரி மட்டும் குடுத்துப் பாத்தார், ஒரே வாரத்துல வெறும் வயித்து சுகர் நார்மலாச்சு, கணையக் கொழுப்பு 8 சதவீதத்துல இருந்து 6.2-க்கு வந்துச்சு. குண்டா இல்லாதவங்களுக்கும் ஒரு ஆய்வு 2023-ல வந்துச்சு, பிஎம்ஐ (உயரத்துக்கேத்த எடைக் கணக்கு) 27-க்குக் கீழ 20 பேர், அதுல 14 பேர் மாத்திரை இல்லாமலே சுகர் கட்டுப்பாட்டுக்கு வந்தாங்க. ஒவ்வொருத்தர் உடம்பும் தாங்குற கொழுப்புக்கு ஒரு அளவு இருக்கு, உங்க வீட்டுக்காரர் 70 கிலோவுலயே அதைத் தாண்டிட்டார் போல. ஆம்பளைங்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்கு மேல போகக்கூடாது, முதல்ல அதை அளந்து பாருங்க.

ஒண்ணு கட்டாயம் மா, கிளிமிபிரைடு போட்டுக்கிட்டே திடீர்னு சாப்பாட்டைக் குறைச்சா சுகர் ரொம்பக் கீழ இறங்கி மயக்கம் வரும். டாக்டர்ட்ட சொல்லி மாத்திரையை மாத்திட்டுதான் ஆரம்பிக்கணும், தயவுசெஞ்சு நீங்களா செய்யாதீங்க.

வைகைக்கரை_அம்மு:
ரொம்ப நன்றிங்க, படிக்கப் படிக்க மனசு லேசாச்சு. 97 செ.மீ. இருக்கு. அப்போ மீன் மாத்திரை? மூணு மாசம் கழிச்சு திரும்ப ஸ்கேன் எடுக்கணுமா?

செல்_வாசகன்:
மாத்திரை வேணாம்கா, மீன் எண்ணெய்ல இருக்குற ஒமேகா 3 கொழுப்பு ரத்தத்துல ட்ரைகிளிசரைடைக் குறைக்கும், ஆனா சுகர் குறையுதான்னு பெரிய ஆய்வுகள்ல பாத்தப்போ ஒண்ணும் பெருசா மாறல. அந்தக் காசுக்கு மத்தி மீன் வாங்கிக் குழம்பு வைங்க. ஸ்கேனும் வேணாம், நியூகாசில்காரங்க கணக்குல கணையத்துல இருந்து குறைஞ்ச கொழுப்பு ஒரு கிராம் கூட இல்ல, சாதாரண அல்ட்ராசவுண்ட்ல அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. வெறும் வயித்து சுகரையும் இடுப்பு அளவையும் வாராவாரம் ஒரு நோட்டுல எழுதி வைங்க.