ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்ல டர்போ நிஜமாவே ஓடுதா, எங்க பாத்து நம்புறது?

இரவுப்பணி:
விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ ஓடுற சர்வர், ரெண்டு சாக்கெட்டிலும் ஜியான் இ5-2690 வி4 சிபியு. அடிப்படை வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் (சிபியு தானே வேகத்தைக் கூட்டிக்கிறது) 3.5 வரை போகணும். விஎம்முக்குள்ள (சர்வர்ல ஓடுற மெய்நிகர் மெஷின்) டாஸ்க் மேனேஜரைத் திறந்தா எப்பவும் 2.6தான். ராத்திரி 11 மணிக்கு ஆரம்பிக்கிற பேட்ச் வேலை ஒரே த்ரெட்ல (ஒரு கோர்ல மட்டும்) ஓடுது, முடிய காலைல ஆறரை ஆகுது. ஹோஸ்ட்ல பவர் பாலிசியை மாத்தலாம்னு போனா "நாட் சப்போர்ட்டட்"னு நிக்குது. சர்வரையே மாத்தணுமா?

ரேக்ஓரம்:
டாஸ்க் மேனேஜரை விட்டுருங்க. பூட் ஆகும்போது கேட்ட எண்ணையே அது ஒப்பிக்கும்.

"நாட் சப்போர்ட்டட்"னு வந்தா, பவரை பயாஸே (சர்வரோட அடிப்படை செட்டிங்) பிடிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம். ஓஎஸ் கன்ட்ரோலுக்கு மாத்துங்க. டர்போ, சி-ஸ்டேட் (சும்மா இருக்கிற கோரைத் தூங்க வைக்கிறது) ரெண்டும் ஆன்ல இருக்கான்னு அங்கேயே பாத்துருங்க. அப்புறம் எஸ்எஸ்ஹெச்ல ஹோஸ்டுக்குள்ள போய் இஎஸ்எக்ஸ்டாப் கமாண்ட் போட்டு சின்ன 'பி' அழுத்துங்க. %ஏ/எம்பெர்ஃப் காலத்துல 100ன்னா 2.6. அதைத் தாண்டினா டர்போ. %யூட்டில் (கோர் எவ்வளவு பிஸி) அதிகமா இருக்கிற வரிசையை மட்டும் பாருங்க, சும்மா கிடக்கிற கோர் காட்டுற எண்ணைக் கண்டு பயந்துடாதீங்க.

இரவுப்பணி:
பயந்துட்டேன்! முதல் வரிசையிலேயே 46. அது தூங்குற கோர்னு அப்புறம்தான் உறைச்சது.

பயாஸ்ல டர்போ ஆஃப்ல கிடந்தது, யார் புண்ணியமோ. இப்ப ஆன் பண்ணி, பாலிசியை ஹை பெர்ஃபார்மன்ஸ்ல வச்சேன். பேட்ச் ஓடுற கோர்ல 123. கணக்குப் போட்டா 3.2தான் வருது. 3.5 எங்க போச்சு?

பழைய_கேபிள்:
பேரைப் பாத்து எல்லாரும் ஏமார்ற இடம் இது. ஹை பெர்ஃபார்மன்ஸ்ல மத்த கோர்கள் சி1-ஐத் (லேசான தூக்கம்) தாண்டி ஆழமா தூங்காது. சும்மா இருந்தாலும் முழிச்சிருக்கிறதா கணக்கு, அதனால 14 கோரும் ஓடும்போது கிடைக்கிற 3.2தான் உங்களுக்கும். பேலன்ஸ்டுக்கு மாத்துங்க. பக்கத்து கோர்கள் சி6-க்குப் (ஆழ்ந்த தூக்கம், இஎஸ்எக்ஸ்டாப்ல சி2ன்னு வரும்) போனா அந்த மிச்ச பவர் உங்க ஒத்தை த்ரெட்டுக்கு வரும். பாலிசியை மாத்த ரீபூட் வேண்டாம்.

(ஈஎஸ்எக்ஸ்ஐக்குப் பதிலா லினக்ஸோட கேவிஎம் வச்சிருக்கிறவங்க ஹோஸ்ட்ல டர்போஸ்டாட் கமாண்ட் போட்டு பிஸி மெகாஹெர்ட்ஸ் காலத்தைப் பாருங்க. அங்க நேரா வேகமே வந்துரும்.)

இரவுப்பணி:
பேலன்ஸ்டு. ராத்திரி ஒரு மணிக்குப் பாத்தேன், 134. பக்கத்து வரிசை எல்லாம் %சி2-ல 90-க்கு மேல. பேட்ச் நாலே முக்காலுக்கு முடிஞ்சது. பகல்ல விஎம் எல்லாம் முழிச்சுக்கிட்டா மறுபடி 123-க்கு இறங்குது, அது பரவாயில்ல.