குடிய விட்டு எட்டு மாசம், இப்ப தரையப் பாத்தா கண்ணு கலங்குது, இது சரியா தப்பா?

வயர்மேன்41

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போற ஆளு, இன்னைக்குத்தான் எழுதுறேன், தப்பிருந்தா மன்னிச்சுக்கோங்க.

வயசு 41, எலக்ட்ரீசியன், ஊரு காரைக்குடி பக்கம். பதினேழு வருசம் குடிச்சேன். மொதல்ல சனிக்கிழம சம்பளத்தன்னைக்கு மட்டும், அப்புறம் டெய்லி ஒரு குவாட்டரு, கடைசி மூணு வருசம் மத்தியானம் பன்னெண்டு மணிக்கு கடை தொறக்குறப்ப வாசல்ல நிக்கிற நாலஞ்சு பேருல நானும் ஒருத்தன். சபரிமலைக்கு மால போட்டா நாப்பத்தெட்டு நாளு சுத்தமா இருப்பேன், அத வச்சே நான் நெனச்சா விட்ருவேன்னு ஊரெல்லாம் பேசுவேன், மால கழட்டுன அன்னைக்கு ராத்திரியே ஆரம்பிக்கிறதும் நாந்தான். இனி குடிக்க மாட்டேன்னு கோயில்ல கையில சாமி கயிறு கட்டிக் கூட்டியாந்தாங்க, மூணாவது வாரம் வேலைக்கு வச்சிருந்த கட்டிங் ப்ளேயராலயே அத வெட்டிட்டுப் போயி குடிச்சேன். போன வருசம் ஏணியிலருந்து விழுந்து ஆஸ்பத்திரியில பதினோரு நாளு கெடந்தேன், அங்க டாக்டரு பாத்து மருந்து குடுத்து நிறுத்துனதுதான். இப்ப எட்டு மாசம்.

என் பிரச்சன சாயங்காலம் ஆறு மணி. பகல்ல வேல இருக்கு, ராத்திரி தூக்க மாத்திர இல்லாமயே தூக்கம் வருது, ஆனா அந்த ஆறுலருந்து ஏழு வரைக்கும் உள்ள ஒரு மணி நேரம் இருக்கு பாருங்க, கையி எங்க வைக்கிறதுன்னே தெரியாது. டீ குடிச்சா ஒரு நாளைக்கு ஏழு டீ ஆகுது.

இப்ப ரெண்டு மாசமா கானாடுகாத்தான்ல ஒரு பழைய செட்டியார் வீட்டுல வயரிங் வேல. கட்டி நூறு வருசத்துக்கு மேல ஆச்சு, தங்குற விடுதியா மாத்துறாங்க. வயரு பதிக்க சுவத்த வெட்டிக் காடி எடுக்கக் கூடாதுன்னு கண்டிசன், ஏன்னா சுண்ணாம்புல முட்டை வெள்ளக்கரு சேத்துப் பூசுன அந்த முட்டைப்பூச்சு ஒடைஞ்சா திரும்பப் பூச ஆளு கெடைக்கிறது கஷ்டம், கைய வச்சா சில்லுன்னு கண்ணாடி கணக்கா வழுக்கும். வீட்டுக்குப் பின்கட்டு மேக்க பாத்தது. அங்க சன்னலுக்கு மேல அரைவட்டமா கலர் கண்ணாடி பதிச்சிருக்கு, செவப்பு நீலம் பச்ச. ஒரு நா ஹெல்ப்பர் பையன் டீ வாங்கப் போயிட்டான், நான் ஏணி மேலயே உக்காந்திருந்தேன், அந்தக் கண்ணாடி வழியா வெயிலு கீழ தரையில பதிச்ச ஆத்தங்குடி டைல்ஸ் கல்லு மேல விழுது. கல்லுல ஏற்கனவே பூவு இருக்கு, அது மேல இந்த நீலம் படுது, ஒரு கல்லுலருந்து அடுத்த கல்லுக்கு மெதுவா நகருது, நான் பாத்துக்கிட்டே இருக்கேன், சுவத்துல ஏறுது, அப்புறம் இல்ல. மணி பாத்தா ஆறே முக்கா. குடி நெனப்பே வரல. டீ ஆறிப் போச்சு.

அன்னையிலருந்து தெனமும் அந்த நேரத்துக்கு பின்கட்டுல ஏதாச்சும் வேல வச்சுக்கிறேன். போன ஞாயித்துக்கெழம பைக் எடுத்துக்கிட்டு சித்தன்னவாசல் போனேன். பள்ளிக்கூடத்துல எக்ஸ்கர்சன் கூட்டிட்டுப் போனாங்க, அப்புறம் ஒரு தடவ கூட்டாளிகளோட போயி பாறைக்குப் பின்னாடி உக்காந்து குடிச்சிட்டு உள்ளயே போகாம வந்தோம். இந்த தடவதான் ஒழுங்கா அண்ணாந்து பாத்தேன். சமணரு கோயிலு, ஒம்பதாம் நூற்றாண்டு ஓவியம்னு போர்டுல இருக்கு. மேல் தளம் பூரா தாமரைக்கொளம், மீனு, அன்னம், யானை, எருமைமாடு, பூப்பறிக்கிற ஆளுக. அதுல எரும தண்ணிக்குள்ள நிக்கிற நிப்பு நம்ம ஊரு கம்மாயில நிக்கிறது மாதிரியே இருக்கு. கண்ணு கலங்கிருச்சு. அங்க இருந்த காவலாளி, என்ன சார் கழுத்து வலிக்கலையான்னு கேட்டாரு.

வீட்டுல சொன்னா, அந்தப் போதை போயி இப்ப இந்தப் பைத்தியமாங்குறா. எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு. இது நெசமா, இல்ல இதுவும் ஒரு போதைதானா? அடுத்த மாசம் அந்த வீட்டு வேல முடியுது, அப்புறம் ஆறு மணிக்கு நான் எங்க போறது? இந்த மாதிரி யாருக்காச்சும் ஆகியிருக்கா?

அச்சுக்கை

தம்பி, நீங்க ஏணி மேல இருந்து பாத்த கல்லுல நான் ஊத்துனது ஒண்ணு ரெண்டு இருக்கலாம், ஒடைஞ்ச எடத்துக்கு மாத்துறதுக்கு எங்க பட்டறையிலருந்து நெறைய வீட்டுக்குப் போயிருக்கு. குடிய விட்டு எனக்கு பதினோரு வருசம்.

நம்ம கல்லு சூளையில வேகுறதில்ல, மிசினும் கெடையாது. கண்ணாடித் தகட்டு மேல சட்டத்த வச்சு, அதுக்குள்ள டிசைன் அச்ச எறக்கி, ஒவ்வொரு கட்டத்துலயும் கலர் கலந்த சிமெண்டு பாலை கரண்டியால ஊத்தணும். ஊத்துறது கூட பெருசில்ல, ஊத்தி முடிச்சு அந்த அச்ச நேரா மேல தூக்கணும் பாருங்க, அங்கதான் இருக்கு. கை ஒரு நூலு ஆடுச்சுன்னா செவப்பு மஞ்சள்ல எறங்கிரும், பூவு கலங்கிரும். அதுக்கப்புறம் காஞ்ச சிமெண்டும் மணலும் தூவி, மேல ஈரக் கலவை வச்சு மட்டம் பண்ணி, தொட்டித் தண்ணியில ஊறப்போட்டு காய வச்சா கண்ணாடி தானா கழண்டு வரும். அந்த வழவழப்பு கண்ணாடி குடுத்தது.

காலையில எனக்கு கை நடுங்கும். கட்டிங் போட்டாத்தான் நடுக்கம் நிக்கும், நின்னாத்தான் அச்சு தூக்க முடியும். அப்ப எல்லாரும் என்ன, குடிச்சா இவன் கை நிக்கும்யான்னு பெருமையா சொல்வாக, நானும் அத நம்புனேன். நடுக்கத்தக் குடுத்ததே அதுதாங்குறது எனக்கு விளங்க நாளாச்சு. ஒரு நா நாப்பது கல்லு கழண்டு வந்துச்சு, நாப்பதுலயும் இதழு கலங்கி இருந்துச்சு. மொதலாளி ஒண்ணும் சொல்லல, ஓரமா அடுக்கி வைக்கச் சொன்னாரு. திட்டியிருந்தா கூட நல்லாருந்துருக்கும்.

விட்டு நாலு மாசம் கழிச்சு ஒரு கல்லு ஊத்தி கழட்டுனப்ப ஓரம் கத்தியில அறுத்த மாதிரி வந்துச்சு, அத கையில வச்சுக்கிட்டு நானும் உங்கள மாதிரிதான் முழிச்சேன். அதனால பைத்தியம் இல்ல. வேல முடிஞ்சா பட்டறைக்கு வாங்க, சாயங்காலம் வந்தா நாங்க கல்லு அடுக்குற நேரம், ஒரு ஆளு சேர்ந்தா ஒத்தாசைதான்.

நோட்டுப்புத்தகம்

ப்ரோ, நான் தேவகோட்டைக்காரன், இப்ப சென்னை. கொஞ்சம் மாத்தி சொல்றேன் கோச்சுக்காதீங்க.

நான் குடிச்சதே கலைக்காகத்தான். கவிதை எழுதுறேன்னு ஒரு கூட்டம், சினிமா பாக்குறோம்னு ஒரு கூட்டம், ஓவியக் கண்காட்சிக்குப் போனா படம் பாக்குறது பத்து நிமிசம், வெளிய வந்து குடிக்கிறது நாலு மணி நேரம். குடிச்சாத்தான் வரும்னு சத்தியமா நம்புனேன். விட்டப்புறம் அந்த வயசுல எழுதுன நோட்டெல்லாம் எடுத்துப் பாத்தேன். பாதி என் கையெழுத்தே எனக்குப் புரியல, புரிஞ்ச பாதியில நிலா நிலான்னு இருக்கு.

உங்களுக்கு கண்ணு கலங்குறதுக்கு எங்க டாக்டர் சொன்ன விளக்கம்: சந்தோசத்துக்கு மூளையில டோபமைன்னு ஒண்ணு வேல செய்யுது, வருசக்கணக்கா குடிச்சா மூளை அந்த அளவுக்குப் பழகிரும், நிறுத்துனா கொஞ்ச மாசத்துக்கு சாப்பாடு, பாட்டு, புள்ளைங்க எதுவுமே ருசிக்காது, அப்புறம் மெதுமெதுவா சின்ன விசயமெல்லாம் திரும்ப ருசிக்க ஆரம்பிக்கும். எனக்கு அது முருங்கைக்கா சாம்பார்ல ஆரம்பிச்சுது, சிரிக்காதீங்க. உங்களுக்கு தரையில.

ஆனா அத மட்டும் நம்பி இருக்காதீங்க. எனக்கு ரெண்டாவது வருசம் திடீர்னு எல்லாமே வெறுத்துப்போச்சு, மியூசியத்துக்குப் போனா சிலை எல்லாம் சும்மா கல்லாத் தெரிஞ்சுது. அன்னைக்கு என்னக் காப்பாத்துனது ஒரு போன் நம்பர்தான், ஏஏ மீட்டிங்ல பழக்கமான ஒரு பெரியவரு. 1935ல அமெரிக்காவுல ஒரு பங்குச்சந்தைக்காரரும் ஒரு டாக்டரும், ரெண்டு பேருமே குடிகாரங்க, சேர்ந்து ஆரம்பிச்சதுதான் அந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், தமிழ்லயும் கூட்டம் நடக்குது. சாமி பேச்சு கொஞ்சம் வரும், எனக்கு அது ஒட்டல, ஆனா டீயும் அந்த நாக்காலியும் ஒட்டுச்சு. வெயிலு மேகம் போட்டா வராது ப்ரோ, அந்த நாளைக்குன்னு ஒரு ஆளு வேணும்.

ஓலைக்கொட்டான்

அண்ணே, நான் குடிகாரர் சம்சாரம். ஓலையில கொட்டான் பின்னி விக்கிறேன். ஒங்க எழுத்தப் படிச்சேன், நல்லாத்தான் எழுதியிருக்கீக. ஒண்ணு மட்டும் கேக்குறேன். அந்தக் கல்லு நேத்தைக்கா வந்துச்சு? ஒங்க வீட்டுலயும் தரைன்னு ஒண்ணு இருந்துச்சுல்ல, அதுல நீங்க வாந்தி எடுத்தத தொடைச்சது யாரு? ஒங்க வீட்டுல பைத்தியமான்னு கேட்டாகன்னா அது கிண்டல் இல்லண்ணே. பதினேழு வருசமா பக்கத்துல நின்ன பொம்பளைய பாக்காத கண்ணு இப்ப சுவத்தப் பாத்து கலங்குதேன்னு இருக்கும்.

என் வீட்டுக்காரரு எங்க ஆத்தா எனக்குக் குடுத்த குத்துவெளக்கையும் மரத்துல கடைஞ்ச ரெண்டு மரவைக் கிண்ணத்தையும் தூக்கிட்டுப் போயி காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடையில போட்டாரு. எடைக்குப் போட்ட மாதிரி காசு. அந்த மரவையை வெளிநாட்டுக்காரவுக மேசை மேல பழம் வைக்க வாங்கிட்டுப் போறாகளாம். விட்டு மூணு வருசம் ஆச்சு, இப்ப ஓலைக்கு சாயம் காய்ச்சுறதெல்லாம் அவருதான். செவப்பு எப்ப எறக்கணும்னு என்னையவிட அவருக்கு நல்லாத் தெரியும். அழகா இருக்குன்னு ஒரு நாளும் வாயத் தொறந்து சொன்னதில்ல, ஆனா கொட்டானை திருப்பித் திருப்பிப் பாப்பாரு. அந்த நேரம் நான் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவேன்.

நீங்க என்னத்த வித்தீகன்னு எழுதல. ஒங்க வீட்டுக்காரவுகளையும் ஒரு நா அந்த வெயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க.

புதுசு_007

இப்பதான் முழுசும் படிச்சேன். நானும் விட்ரலாம்னு நேத்து காலையிலருந்து தொடல. டெய்லி முழு பாட்டில் ஓடிட்டு இருந்துச்சு. கை பயங்கரமா ஆடுது, வேர்த்து ஊத்துது, தூக்கமே இல்ல. சுவத்துல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, தொட்டா இல்ல. இது எத்தன நாளைக்கு இருக்கும்? ரூம்ல தனியாத்தான் இருக்கேன்.

அச்சுக்கை

தம்பி இத உடனே படிங்க. அது தாங்கிக்கிற விசயமில்ல. அவ்வளவு குடிச்சவுக திடீர்னு நிறுத்துனா ரெண்டு மூணு நாளைக்குள்ள வலிப்பு வரலாம், புத்தி தடுமாறும், உசுருக்கே ஆபத்து. இல்லாத எறும்பு தெரியுதுன்னா இப்பவே பெரியாஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க. பைக் ஓட்டாதீங்க, 108க்கு அடிங்க. பக்கத்து ரூம் கதவத் தட்டி ஒரு ஆளக் கூப்புட்டு வச்சுக்கோங்க. அங்க போயி எவ்வளவு குடிச்சேன், எப்ப நிறுத்துனேன்னு மறைக்காம சொல்லுங்க, அதுக்கு மருந்து இருக்கு, வைட்டமின் பி1 ஊசியும் போடுவாக. வெக்கப்படாதீங்க. பேச ஆளு வேணும்னா 14446, போதைய விட உதவுற ஹெல்ப்லைன், காசில்ல, ஆனா அது அப்புறம். மொதல்ல ஆஸ்பத்திரி. போயிட்டு ஒரு வார்த்தை எழுதுங்க.

வயர்மேன்41

007 தம்பி, அண்ணன் சொல்றதக் கேளுங்க. என்னையும் ஆஸ்பத்திரியில ரெண்டாவது நாள் ராத்திரி கட்டில்ல கட்டித்தான் வச்சிருந்தாங்க. போங்க.

புதுசு_007

ரெண்டு நாள் கழிச்சு எழுதுறேன். ஜிஎச்ல இருக்கேன். ட்ரிப்ஸ் போகுது. ஊருலருந்து அண்ணன் வந்திருக்கான், அவன் போன்லதான் எழுதுறேன். நன்றிண்ணே.

வயர்மேன்41

தம்பி நல்ல சேதி.

ஓலைக்கொட்டான் தங்கச்சி, உங்க கேள்வி ரெண்டு நாளு தூங்க விடல. வித்தேன். என் சம்சாரத்தோட அப்பத்தா ஒரு செட்டியார் வீட்டுல சமையலுக்கு இருந்தாக, கல்யாணத்துக்கு அந்த வீட்டு ஆச்சி பீங்கான் கணக்கா பளபளன்னு இருக்குற ஒரு மங்குச் சட்டி குடுத்திருக்காக, மூடியோட, நீலக்கலரு. அத ஒரு தீபாவளிக்கு முந்துன நாளு கொண்டு போயி போட்டேன். திருட்டுப் போச்சுன்னு சொன்னேன். அவ நம்புன மாதிரி இருந்துட்டா.

நேத்து அவளக் கூட்டிட்டுப் போனேன். சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டு பின்கட்டுல உக்கார வச்சேன். வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி தரையப் பாத்துட்டு, இத எப்படித் தொடைக்கிறாகன்னு கேட்டா, தேங்காயெண்ணெய் போட்டுத் தொடைப்பாகளாம்னேன், ம்ம்னா. அப்புறம் சுவத்தோரமா ஒரு கல்ல காமிச்சு இது திரும்பி இருக்குன்னா. பாத்தா நெசந்தான், நாலு கல்லு சேந்தா ஒரு பூ வரணும், அந்த எடத்துல ஒரு கல்ல திருப்பிப் பதிச்சு இதழு வெளிய பாத்துக்கிட்டு நிக்கிது. ரெண்டு மாசமா தெனம் பாக்குறேன், என் கண்ணுல படல. கொத்தனாரு அன்னைக்கு என்ன நெனப்புல இருந்தாரோன்னு அவளே சிரிச்சுக்கிட்டா.

ஆறு மணி வாக்குல நீலம் எறங்குச்சு. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், அந்தச் சட்டி இந்தக் கலருதான்னா. நான் சொல்லிட்டேன். தெரியும்னா. அதுக்கு மேல ரெண்டு பேரும் பேசல, வெளிச்சம் சுவத்துல ஏறுற வரைக்கும் இருந்துட்டு பஸ் ஸ்டாண்டு வழியா வந்தோம், கடைய தாண்டுறப்ப அவதான் என் கையப் புடிச்சுக்கிட்டா.

நாளைக்கு முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போறோம். கெடைக்காது, அவளுக்கும் தெரியும், சும்மா பாத்துட்டு வரலாம்னா.

அச்சுக்கை அண்ணே, ஞாயித்துக்கெழம பட்டறை உண்டா? இவளும் வர்றேங்குறா.